சுவரில் 'சூஃபி' என்று எழுதியிருந்தால்: நவீனக் கலையில் தஸவ்வுஃபைத் தேடும் ஒரு கியூரேட்டர்

மேற்கு நாடுகளின் அருங்காட்சியகங்களில் இன்று அடிக்கடி காணக்கிடைக்கும் சொற்களில் ஒன்று 'சூஃபி'. அரபு எழுத்து தெரியும் ஒரு ஓவியம், வட்டமாகச் சுழலும் ஒரு கோலம், கண்ணாடித் துண்டுகள் பதித்த ஒரு சுவர் என எதுவானாலும் பக்கத்திலுள்ள குறிப்பு அட்டையில் 'சூஃபி ஆன்மிகத்தின் தாக்கம்' என்று ஒரு வரி இருக்கும். டொரண்டோவிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் படிக்கும் நம் சமுதாயப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து இத்தகைய கண்காட்சிகளுக்கு அழைத்துச் செல்லப்படுகிறார்கள். வீட்டுக்கு வந்து, "வாப்பா, சூஃபின்னா இஸ்லாமா, வேறு மதமா?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வது?

அந்த அட்டையில் என்ன எழுதுவது என்று முடிவெடுப்பவர் யார் என்பதிலிருந்து தொடங்கலாம். அவரைக் கியூரேட்டர் என்கிறார்கள். எந்தக் கலைஞரைச் சேர்ப்பது, எந்தப் படைப்புக்கு அருகில் எதை மாட்டுவது, கண்காட்சிக்கு என்ன தலைப்பு வைப்பது, பார்வையாளருக்கு என்ன விளக்கம் தருவது ஆகிய எல்லாம் அவர் பொறுப்பு. தாமாக ஒரு கோடுகூட வரைவதில்லை. ஆனாலும் அவருடைய கருத்து அந்த அடுக்கில் வெளிப்பட்டுவிடும். இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் ஃபிக்ஹ் அவர்கள் இட்ட பாடத் தலைப்புகளில் இருக்கிறது என்று நம் உலமாக்கள் சொல்வார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இதைச் சொல்லவில்லை. தேர்ந்தெடுத்துத் தலைப்பிடுவதும் ஒரு விளக்கமே என்பது நம் மரபுக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். சுயேச்சைக் கியூரேட்டர் என்பவர் எந்த ஓர் அருங்காட்சியகத்திலும் சம்பளத்துக்கு இல்லாமல், தம் ஆய்வையும் யோசனையையும் எடுத்துக்கொண்டு வெவ்வேறு நிறுவனங்களோடு பணிபுரிபவர்.

இந்தத் துறையில் கவனிக்கத்தக்க ஒருவர் ஃபெரெஷ்தே தஃப்தரி. ஈரானிய வம்சாவளியைச் சேர்ந்த கலை வரலாற்று ஆய்வாளர். கோகன், மத்தீஸ், காண்டின்ஸ்கி ஆகிய ஐரோப்பிய ஓவியர்கள் பாரசீகக் கலையிலிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள் என்பதே அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. 1991-இல் நூலாகவும் வந்தது. ஐரோப்பாவிடமிருந்து நாம் கற்றோம் என்று மட்டுமே சொல்லிப் பழகிய உலகத்தில் இது தலைகீழான கேள்வி. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1988 முதல் 2009 வரை பணியாற்றிவிட்டு, அதன்பின் சுயேச்சையாகச் செயல்படுகிறார்.

பதினேழு கலைஞர்களும் ஒரு கேள்வியும்

அவர் அந்த அருங்காட்சியகத்தில் இருந்தபோது 2006-இல் 'எல்லையின்றி: பார்ப்பதற்குப் பதினேழு வழிகள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கண்காட்சியை அமைத்தார். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்காவில் முஸ்லிம் பெயர் கொண்ட எவரும் தம்மை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்த காலம் அது. முஸ்லிம் நாடுகளில் பிறந்த ஒருவர் எதை வரைந்தாலும் அதற்கு 'இஸ்லாமியக் கலை' என்ற முத்திரை விழுந்தது. பாரிசில் பிறந்தவர் வரைந்ததைக் கிறிஸ்தவக் கலை என்று யாரும் சொல்வதில்லை. நமக்கு மட்டும் ஏன் இந்த முத்திரை என்பதே தஃப்தரி எழுப்பிய கேள்வியின் சாரம். அதற்காகவே முஸ்லிம் பின்னணி இல்லாத இரண்டு அமெரிக்கர்களையும் அந்தப் பதினேழு பேரில் சேர்த்தார். அவர்களில் ஒருவரான பில் வயோலா, காணொளிக் கலைஞர், மௌலானா ரூமியைப் படித்தவர். தஸவ்வுஃபின் தாக்கம் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து வருவதில்லை என்று காட்டும் தேர்வு இது.

ஈராக் போர் நடந்துகொண்டிருக்கையில் அரசியலைத் தொடாமல் விட்டுவிட்டார் என்ற விமர்சனம் அந்தக் கண்காட்சிக்கு எழுந்தது. அது நியாயமான விமர்சனம்தான். ஆனால் அங்கே வைக்கப்பட்ட சில படைப்புகள் ஆன்மிகத்தைப் பற்றிப் பேசிய விதம் இன்றும் கற்கத் தகுந்தது.

ஷிராஸே ஹூஷியாரி 1955-இல் ஷீராஸ் நகரில் பிறந்து 1974 முதல் லண்டனில் வாழ்பவர். பெரிய கேன்வாஸைத் தரையில் விரித்து, அதன்மேல் வெள்ளை அல்லது கருப்பு வண்ணத்தைப் பூசி, மெல்லிய பென்சிலால் இரண்டு அரபுச் சொற்களை மட்டும் திரும்பத் திரும்ப எழுதுகிறார். ஒன்று உறுதிசெய்யும் சொல்; மற்றது மறுக்கும் சொல். ஒன்றின்மேல் ஒன்றாக எழுத எழுத, எழுத்துகள் வாசிக்க முடியாதபடி கரைந்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் பனிமூட்டம் போலவோ மூச்சுக்காற்று போலவோ தோன்றும். ஒரு படத்துக்குப் பல வாரங்கள், மாதங்கள் பிடிக்கும்.

இதைப் பார்க்கும் ஐரோப்பியர் 'அழகான நுண்மை' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். கலிமாவில் வளர்ந்த நமக்கு அப்படி நகர முடியாது. 'லா இலாஹ' என்பது மறுப்பு, 'இல்லல்லாஹ்' என்பது உறுதி. திக்ரு மஜ்லிஸ்களில் இதை நஃபீ, இஸ்பாத் என்று பெயர் சொல்லியே கற்பிப்பார்கள். ஹூஷியாரி தாம் எழுதுவது கலிமா என்று எங்கும் கோரவில்லை. இது என் வாசிப்பு. ஆயினும் மறுப்பும் உறுதியும் இடைவிடாமல் மாறிமாறி வர, சொல்பவரின் தன்முனைப்பு அதில் கரைகிறது என்ற அமைப்பு எங்கிருந்து வந்தது என்பதை ஒரு தஸ்பீஹ் மணியை உருட்டியவர் உடனே அறிவார்.

இரண்டாமவர் ஒய். இஸட். காமி. 1956-இல் தெஹ்ரானில் பிறந்து நியூயார்க்கில் வாழும் ஓவியர். 'முடிவில்லாப் பிரார்த்தனைகள்' என்று பொருள்படும் அவருடைய வரிசையில் துஆக்களும் கவிதைகளும் அச்சிட்ட தாள்கள் சிறுசிறு செவ்வகங்களாக வெட்டப்பட்டு, வட்டத்துக்குள் வட்டமாக ஒட்டப்பட்டிருக்கின்றன. பார்த்தவுடன் ஒன்று புரியும்: பள்ளிவாசலின் குப்பாவுக்குக் கீழே நின்று தலையை நிமிர்த்தினால் செங்கற்கள் தெரியும் விதம் அது. ஒவ்வொரு சொல்லும் ஒரு செங்கல். பின்னாளில் அவர் வரைந்த குவிமாட ஓவியங்களில் சொற்களும் போய்விட்டன. சதுர முத்திரைகள் வளையம் வளையமாகச் சுற்றி, நடுவில் ஒளி மட்டும் மிஞ்சுகிறது. குர்ஆனின் 24-ஆம் அத்தியாயத்துக்கு 'அந்நூர்' என்று பெயர். அதிலுள்ள ஒளி வசனத்துக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தனியாக ஒரு நூலே எழுதியிருக்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த நடுப்புள்ளி வெறும் அலங்காரமாகத் தெரியாது.

தலைப்பிலேயே 'ஞானி'

2017 பிப்ரவரி 4 அன்று கனடாவின் டொரண்டோவிலுள்ள ஆகா கான் அருங்காட்சியகத்தில் தஃப்தரி சுயேச்சைக் கியூரேட்டராக அமைத்த கண்காட்சி தொடங்கியது. 'கலகக்காரர், விதூஷகர், ஞானி, கவிஞர்: சமகாலப் பாரசீகர்கள்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். 23 கலைஞர்களின் 27 படைப்புகள் அங்கே இருந்தன. பின்னர் அமெரிக்காவின் ஹூஸ்டனுக்கும், 2021-இல் நியூயார்க்கின் ஆசியா சொசைட்டிக்கும் அது சென்றது.

தொடக்க நாளைக் கவனியுங்கள். அதற்குச் சரியாக எட்டு நாள் முன்பு, ஜனவரி 27 அன்று, அமெரிக்க அதிபர் டிரம்ப் ஈரான் உள்ளிட்ட ஏழு முஸ்லிம் நாட்டவர் நுழையத் தடை விதித்திருந்தார். அந்த உத்தரவுக்கு எதிர்ப்பாக நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் நிரந்தரக் கூடங்களில் பிக்காசோ போன்றோரின் சில படங்களை இறக்கிவிட்டு, தடைசெய்யப்பட்ட நாடுகளின் கலைஞர்களுடையதை மாட்டியது. சூடானிய ஓவியர் இப்ராஹீம் அஸ்ஸலாஹி 1964-இல் வரைந்த 'பள்ளிவாசல்' என்ற படமும் அவற்றில் ஒன்று. டொரண்டோ கண்காட்சி முன்பே திட்டமிடப்பட்டது. ஆனாலும் அந்த வாரத்தில் அதற்குள் நுழைந்தவர்கள் வேறு கண்ணோடுதான் நுழைந்திருப்பார்கள்.

அந்தக் கூடத்தில் ஞானம் தனி அறையில் ஒதுக்கி வைக்கப்படவில்லை. ஹூஷியாரியும் காமியும் இருந்தார்கள். முனீர் ஷாரூதி ஃபர்மான்ஃபர்மாயனின் கண்ணாடிப் படைப்பும் இருந்தது. ஈரானியக் கட்டடங்களில் ஆயினாகாரி என்ற கைவேலை உண்டு. சிறுசிறு கண்ணாடித் துண்டுகளை வடிவியல் கோலங்களாகப் பதிப்பது. ஷீராஸில் ஷா சிராக் தர்காவின் கண்ணாடி மண்டபத்தில் மக்கள் அழுதும் கையேந்தியும் நின்ற காட்சி, ஒவ்வொருவரின் உருவமும் ஆயிரம் துண்டுகளாகச் சிதறி ஒளியோடு கலந்த காட்சி, முனீரின் கலைப் பாதையையே மாற்றியது. கைவேலை தெரிந்த உஸ்தாதுகளோடு சேர்ந்து நாற்பதாண்டுகளுக்கும் மேல் அதிலேயே உழைத்தார். 2019-இல் காலமானார். (தர்கா ஸியாரத் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே அவிழ்க்கப் போவதில்லை. அவர் கண்டது என்ன என்பதே இங்கு பேச்சு.)

அதே கூடத்தில் ஃபர்ஹாத் மோஷீரியின் 'பறக்கும் கம்பளம்' இருந்தது. இயந்திரத்தில் நெய்த 32 கம்பளங்களை அடுக்கி, நடுவில் போர்விமான வடிவத்தை வெட்டி எடுத்து அருகில் வைத்திருந்தார். ஆயிரத்தொரு இரவுகளின் கனவும் தலைக்குமேல் குண்டு வீசும் விமானமும் ஒரே துணியில். ஞானியையும் விதூஷகரையும் கலகக்காரரையும் தஃப்தரி அடுத்தடுத்து நிறுத்தியதன் பயன் இங்கே தெரிகிறது. தஸவ்வுஃப் உலகத்தை விட்டு ஓடும் மயக்கம் என்ற எண்ணத்துக்கு அந்த அடுக்கு இடம் கொடுக்கவில்லை.

எல்லாமே நமக்கு உடன்பாடா என்றால், இல்லை. மோர்தஸா அஹ்மத்வந்தின் 'ஆதல்' என்ற காணொளியில் மூன்று திரைகள். ஒன்றில் சிலுவை, ஒன்றில் தாவூதின் நட்சத்திரம், ஒன்றில் கஃபாவின் கனசதுரம். மூன்றும் மெல்ல உருமாறி ஒரே மாதிரியான உருண்டைகளாகின்றன. மதங்களிடையே பகை வேண்டாம் என்ற நோக்கம் நல்லதே. ஆனால் கஃபா ஒரு சின்னமாக மட்டும் நமக்கு இல்லை. அது கிப்லா, தினமும் ஐந்து வேளை உடல் திரும்பும் திசை. அதன் மூலைகளை உருட்டி மழுக்கினால் மிஞ்சுவது அமைதியா, திசையின்மையா என்று ஒரு முஸ்லிம் கேட்கலாம். பிள்ளைகளோடு போகும் பெற்றோர் அந்தக் கேள்வியை அங்கேயே நின்று கேட்பது நல்லது.

இன்னொன்றையும் கவனத்தில் கொள்ள வேண்டும். அந்த 27 படைப்புகளும் முஹம்மத் அஃப்கமி என்ற தனிப்பட்ட சேகரிப்பாளரின் தொகுப்பிலிருந்து வந்தவை. சுயேச்சைக் கியூரேட்டர் என்றாலும், வாங்கி வைத்திருப்பவரின் கையிருப்புக்குள்தான் அவர் தேர்ந்தெடுக்க முடியும். எந்தக் கலை உலகின் கண்ணில் படுகிறது என்பதில் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

சொல்லை யார் கையாள்கிறார்கள்?

இப்போது பிள்ளையின் கேள்விக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'மிஸ்டிசிஸம்' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லா மதங்களின் உள்முக அனுபவங்களையும் அடைத்துவிடுகிறார்கள். தஸவ்வுஃப் அப்படி அடைபடாது. ஈமான், இஸ்லாம், இஹ்சான் மூன்றையும் ஜிப்ரீல் (அலை) கேட்க, நபி (ஸல்) அவர்கள் விளக்கிய ஹதீஸை மதரஸாவில் படித்திருப்போம். அல்லாஹ்வைக் காண்பதுபோல் வணங்கும் அந்த மூன்றாவது நிலையை அடைய உழைக்கும் கல்வியாகவே உலமாக்கள் தஸவ்வுஃபை விளக்கினார்கள். தொழுகையும் நோன்பும் அதற்கு வாசல். மௌலானா ரூமியே கோன்யாவில் மார்க்கச் சட்டம் கற்பித்த ஆலிம்தான். இன்று ஆங்கிலத்தில் இலட்சக்கணக்கில் விற்கும் ரூமியின் கவிதைகள் பல, பாரசீகம் தெரியாத ஓர் அமெரிக்கக் கவிஞர் வேறு மொழிபெயர்ப்புகளிலிருந்து மாற்றி எழுதியவை. குர்ஆனும் நபிமார்களும் வரும் இடங்கள் அவற்றில் பெரும்பாலும் மங்கிப்போயின.

தமிழ் முஸ்லிம்களுக்கு இந்தக் கேள்வி பழையது. தக்கலை பீர் முஹம்மது அப்பாவும் குணங்குடி மஸ்தான் சாகிபும் சித்தர் மரபின் சொற்களை எடுத்தாண்டு மெய்ஞ்ஞானம் பாடினார்கள். அந்தச் சொற்களுக்குள் எது இருக்கிறது என்று நம் பெரியவர்கள் இருநூறு ஆண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். அந்த விவாதம் நமக்குள் நடந்தது. அருங்காட்சியக அட்டை விஷயத்தில் வேறொருவர் நமக்காக முடிவெடுத்துவிடுகிறார்.

அதில் அரசியலும் உண்டு. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, முஸ்லிம் உலகில் சூஃபித்துவத்தின் செல்வாக்கை ஊக்குவிக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பரிந்துரைத்தது. சூஃபி என்றால் நல்ல முஸ்லிம், தொழுகை, ஷரீஅத் என்று பேசினால் சந்தேகத்துக்குரிய முஸ்லிம் என்ற பிரிவினை இப்படித்தான் பரவியது. கலைக்கூடத்தின் மென்மையான விளக்கொளியில் அந்தப் பிரிவினை இன்னும் எளிதாகச் செரிக்கும். தஃப்தரி போன்றவரின் பணி இங்கே மதிப்புப் பெறுவது, அவர் பொதுவான 'ஆன்மிகம்' என்று சொல்லிக் கடந்துபோகாமல், எந்தக் கைவேலை, எந்த ஊர், எந்த எழுத்து, எந்தக் கவிதை என்று குறிப்பாகக் காட்டுவதால்தான். குறிப்பு அட்டையில் அந்த விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். 'சூஃபி' இருந்து 'திக்ரு' இல்லையென்றால், 'ரூமி' இருந்து 'முஸ்லிம்' இல்லையென்றால், எதையோ உரித்துவிட்டுத் தந்திருக்கிறார்கள்.

இரண்டு அடக்கத்தலங்கள்

2006-இன் பதினேழு பேரில் ரஷீத் குரைஷியும் ஒருவர். 1947-இல் அல்ஜீரியாவின் ஐன் பைதா ஊரில், திஜானிய்யா தரீக்காவோடு தொடர்புள்ள குடும்பத்தில் பிறந்தவர். துணி, மண்பாண்டம், உலோகம், கல் எல்லாவற்றிலும் எழுத்தைக் கொண்டு வேலை செய்பவர். இஸ்லாமிய வரலாற்றின் 14 மெய்ஞ்ஞானிகளைப் பற்றிய 'மறைவான ஆசான்கள்' என்ற துணிப் பதாகைகளுக்காக 2011-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் ஜமீல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆனால் அவருடைய மிகப் பெரிய படைப்புகள் எந்தக் கூடத்துக்குள்ளும் இல்லை.

முதலாவது பிரான்சில், அம்புவாஸ் கோட்டையில். அல்ஜீரியாவைப் பிடித்த பிரெஞ்சுப் படையை 1832 முதல் 1847 வரை எதிர்த்துப் போரிட்ட அமீர் அப்துல் காதிர் (ரஹ்) அங்கேதான் 1848 முதல் 1852 வரை சிறைவைக்கப்பட்டிருந்தார்கள். அமீர் அவர்கள் இப்னு அரபியின் நூல்களில் ஆழ்ந்த ஆரிஃப். போர்க்களத்தில் நின்றவரும் அவர்களே, 1860-இல் திமிஷ்கில் கலவரம் மூண்டபோது ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைக் காத்தவரும் அவர்களே. 'சூஃபி என்றால் சாது' என்ற அட்டை அவர்கள்மேல் ஒட்டாது. அந்தச் சிறைக்காலத்தில் அவர்களோடு இருந்த குடும்பத்தாரும் தோழர்களுமாக 25 பேர் அங்கேயே இறந்து அடக்கமானார்கள். 2005-இல் குரைஷி, சிரியாவின் அலெப்போவிலிருந்து கல் வரவழைத்து, அந்த இருபத்தைந்து பேருக்கும் கோட்டைத் தோட்டத்தில் நினைவுக் கற்கள் நட்டார்.

இரண்டாவது துனீசியாவின் ஸர்ஸிஸ் என்ற கடலோர ஊரில். லிபியாவிலிருந்தும் துனீசியாவிலிருந்தும் ஐரோப்பாவுக்குப் படகேறி மூழ்கியவர்களின் ஜனாஸாக்கள் ஆண்டுதோறும் அங்கே கரை ஒதுங்குகின்றன. யார், எந்த நாடு, எந்த மார்க்கம் என்று தெரியாது. ஊர்க் கபரஸ்தானில் இடம் இல்லாமல், உள்ளூர்த் தொண்டர்கள் பழைய குப்பைமேடு ஒன்றில் அவற்றை அடக்கி வந்தனர். அநாதையாக இறந்தவரை அடக்குவது ஊரார் மீது ஃபர்ளு கிஃபாயா. ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோர்மீதும் குற்றம். குரைஷியின் சகோதரர் ஒருவரையும் மத்தியதரைக் கடல் கொண்டுபோயிருக்கிறது. அவர் தம் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி, 'ஆப்பிரிக்கத் தோட்டம்' என்று பெயரிட்டு ஓர் அடக்கத்தலம் அமைத்தார். 2021 ஜூனில் அது திறக்கப்பட்டது.

நுழைவாயிலில் பழைய காலத்துக் கதவு ஒன்று, குனிந்தால்தான் உள்ளே போக முடியும் என்ற உயரத்தில். பாதையெங்கும் கையால் வண்ணம் தீட்டிய ஓடுகள். ஐந்து ஒலிவ மரங்கள் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளுக்காக. பன்னிரண்டு திராட்சைக் கொடிகள் ஈஸா (அலை) அவர்களின் சீடர்களுக்காக, வந்து சேர்பவர்களில் கிறிஸ்தவர்களும் இருப்பார்கள் என்பதால். மாதுளையும் மல்லிகையும் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கபரின் மீதும் சிறு மண்கிண்ணங்கள். மழைநீர் தேங்கினால் பறவைகள் வந்து குடிக்கும்.

மீஸான் கற்களில் பெயர் இல்லை. கிடைத்த தேதி, ஒதுங்கிய கடற்கரை, ஆணா பெண்ணா, என்ன நிறத்தில் உடை அணிந்திருந்தார் என்பவை மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன. மரபணுத் தகவலும் எடுத்து வைக்கப்படுகிறது. என்றாவது ஒரு நாள் ஒரு தாய் தேடிக்கொண்டு வந்தால், எந்தக் கபர் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும்.